வானிலை மாறும்போது ஏரியிலும் அணையிலும் தூண்டில் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேற்று மாலை ஒரு மணி நேரத்தில் பத்துக் கெண்டை ஏறிய அதே மதகடியில், அதே மாவுருண்டையோடு இன்று காலை முழுவதும் உட்கார்ந்திருந்தும் தக்கை அசையவில்லை என்றால், தூண்டில்காரர் முதலில் இரையைத்தான் குறை சொல்வார். மாவில் வாசனை போதவில்லை என்பார். தூண்டில் முள் பெரிதாகிவிட்டது என்பார். யாரோ இரவில் வலை விட்டுவிட்டார்கள் என்றும் சந்தேகப்படுவார். இரவோடு இரவாகக் காற்று நின்றுபோனதையோ, மூன்று நாளாக மூடிக் கிடந்த வானம் தண்ணீருக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதையோ அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மழை, வெயில், காற்று, பனி எதுவும் மீனை நேராகத் தொடுவதில்லை. அவை தண்ணீரின் சூட்டை, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை, உள்ளே இறங்கும் வெளிச்சத்தை, ஓட்டத்தையும் கலங்கலையும், கரையிலிருந்து வந்து விழும் தீனியை மாற்றுகின்றன. மீன் அந்த மாற்றத்துக்கு ஏற்ப இடம் பெயர்கிறது அல்லது வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே வானிலை அறிக்கையைப் படித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி, 'இதனால் இந்த ஏரித் தண்ணீருக்கு என்ன ஆகியிருக்கும்' என்பதே. தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரி, கண்மாய், அணைகளையும், அவற்றில் கிடைக்கும் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, விரால் ஆகியவற்றையும் மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: கிளம்பும் நாளை அல்ல, முந்தைய மூன்று நாட்களைப் பாருங்கள்

காற்று ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். ஏரி அப்படிக் குளிராது. தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பொருள் என்பதால், இன்று காலை மீன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இன்றைய வானத்தைவிட முந்தைய இரண்டு மூன்று நாட்களின் வானமே அதிகம் தீர்மானிக்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மழையளவு, முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து அன்று காலை 8.30 மணி வரை பெய்த மழையின் கணக்கு. அந்தப் பட்டியலில் உங்கள் ஏரியின் பெயரைத் தேட வேண்டாம். ஏரிக்குத் தண்ணீர் வரும் மேற்புறத்து ஊர்களைத் தேடுங்கள். மழை அங்கே பெய்திருந்தால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் வரத்து வாய்க்காலில் செந்நீர் வந்துகொண்டிருக்கும்.

அணைகளில் இந்த விதி இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஜூலையில் மேட்டூரில் தூண்டில் போடுபவர் சேலத்து வானத்தைப் பார்த்துப் பயனில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளை நிரப்பி, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக இங்கே வந்து சேர்கிறது. மேட்டூருக்கு எத்தனை கன அடி வருகிறது, மொத்தம் 120 அடியில் நீர்மட்டம் எத்தனை அடி என்ற செய்தி நாள்தோறும் வெளிவருகிறது. நான் அதில் நீர்மட்டத்தைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தையே கவனிப்பேன். மெல்ல ஏறும் மட்டம் நல்லது, ஏனெனில் புதிதாக நனையும் கரைப் புல்லைத் தேடி மீன் ஆழமில்லாத இடத்துக்கு வரும். வேகமாக இறங்கும் மட்டம் அதே மீனைக் கரையோரத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் படி: எந்தப் பருவத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே அளவு மழை வைகாசியில் ஒரு பலனையும் கார்த்திகையில் வேறொரு பலனையும் தரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஏரிகள் நிறைவதும் அப்போதுதான். புதிதாகத் தூண்டில் பிடித்தவர்கள் ஏரி நிறைந்தால் மீன் நிறையக் கிடைக்கும் என்று எண்ணி ஓடுவார்கள். உள்ளபடி, தண்ணீர் உள்வாய் (கரைக்கு உட்புறம் நீர் பரவும் நிலம்) முழுவதும் பரவி, கருவேல மரங்களின் அடியிலும் புல்தரையிலும் ஏறி நிற்கும்போது மீன் சிதறிவிடுகிறது. முழுகிய மண்ணிலிருந்து புழுவும் பூச்சியும் தாராளமாகக் கிடைப்பதால் உங்கள் முள்ளில் இருக்கும் புழு அதற்குப் பெரிதல்ல. வயிறு நிறைந்த மீன், கண்ணுக்கெட்டாத பரப்பு, இரண்டும் சேர்ந்தால் கூடை காலி.

தை பிறந்து தண்ணீர் தெளிந்து, பாசனத்துக்கு மதகு திறந்து மட்டம் இறங்க இறங்க நிலைமை மாறும். மாசி, பங்குனி மாதங்களில் மீனின் இருப்பிடம் ஓரளவு ஊகிக்கத்தக்கதாகிறது. சித்திரை, வைகாசியில் மிச்சத் தண்ணீர் மதகை ஒட்டிய பள்ளத்தில் ஒடுங்க, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் ஊர் கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழாக்கள் நடக்கும். ஊத்தா என்னும் கூடையும் கச்சா வலையும் கொண்டு இறங்கும் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலுக்கு வேலையில்லை. அதற்கு முந்தைய ஒரு மாதம்தான் தூண்டில்காரருக்கு உரியது.

பெரும்பாலான ஏரிகளிலும் கண்மாய்களிலும் மீன்பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதையும், அணைகளில் மீன்பிடி உரிமை தனியாக இருக்கும் என்பதையும் மறக்காமல், உரியவரிடம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

மூன்றாம் படி: கரையில் பத்து நிமிடம் தூண்டிலை அவிழ்க்காதீர்கள்

வந்ததும் தூண்டில் நரம்பை வீசுகிறவருக்கு அந்த முதல் பத்து நிமிடம் போய்விடுகிறது. பார்க்க வேண்டியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. முதலில் தண்ணீரின் நிறம். முழங்கை வரை கையை நேராக இறக்கி, உள்ளங்கை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். மணிக்கட்டு மூழ்கும்போதே மறைந்தால் அது மிகவும் கலங்கிய தண்ணீர் அல்லது பாசி மண்டிய தண்ணீர்; இரண்டையும் நிறத்தால் பிரிக்க வேண்டும், ஏனெனில் செங்கலங்கலுக்கும் பச்சைக்கும் மருந்து வேறு வேறு. முழங்கை தாண்டியும் விரல் தெரிந்தால் அது தெளிந்த நீர். அங்கே உங்கள் நிழலே மீனை விரட்டும்.

அடுத்தது மூக்கு. சேறு கிளம்பிய நாற்றமோ முட்டை அழுகியது போன்ற வாடையோ வந்தால், அடித் தண்ணீர் மேலே கிளம்பியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வேறு ஏரி பார்ப்பது உத்தமம். மூன்றாவது, வெப்பம். மீன்தொட்டிக்கு விற்கும் சாதாரண வெப்பமானி ஒன்றை ஈயக்குண்டோடு கயிற்றில் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் போதும். கெண்டை இனங்கள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகத் தின்னும். அதற்கு இருபுறமும் பசி குறையும்.

நான்காவதாக மீனே தரும் அடையாளங்கள். ஒரே இடத்தில் சரம் சரமாகச் சிறு குமிழிகள் கிளம்பினால் அடியில் மிர்காலோ வேறு கெண்டையோ சேற்றைக் கிளறுகிறது. 'பொளக்' என்று ஒற்றைச் சத்தத்தோடு வட்டம் விரிந்து அடங்கினால் பெரும்பாலும் விரால் மூச்சு வாங்கிப் போயிருக்கும். ஆனால் மேற்பரப்பு முழுவதும் வாய்கள் வரிசையாகத் தெரிந்து, கல்லெறிந்தாலும் அவை உடனே மறையாமல் மயங்கினாற்போல் நின்றால், அது பசி அன்று, மூச்சுத் திணறல்.

இதை ஒரு புரட்டாசி விடியலில் நான் தப்பாகப் படித்தேன். இரண்டு நாள் மூட்டம், இலை அசையாத இரவு, கரும்பச்சைத் தண்ணீர். ஐந்தரை மணிக்குக் கரையெங்கும் ஜிலேபி வாய் பிளந்து நிற்பதைக் கண்டு, இன்று சாக்கு போதாது என்று மகிழ்ந்து, புழு, மாவு, ரொட்டி எல்லாம் அவற்றின் மூக்குக்கு நேரே இறக்கினேன். இரை உதட்டில் இடித்தும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் வெயில் விழுந்து, தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று கிளம்பி நீரில் சுருக்கம் விழுந்ததும் வாய்கள் மறைந்தன. ஒன்பதரைக்குத் தக்கை முதன்முறையாக நின்று, சாய்ந்து, போயிற்று.

காரணம் எளிது. பகலில் பாசி வெளிச்சத்தைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவில் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிரும் எல்லாமே அதைச் செலவழிக்கின்றன. ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியல். முந்தைய பகல் மூட்டமாக இருந்து இரவில் காற்றும் இல்லாதிருந்தால் கணக்கு இன்னும் இறங்கும். 'விடியலில் மீன் கடிக்கும்' என்பது தெளிந்த நீருக்கும் ஓடும் நீருக்கும் சொன்னது. பச்சை ஏரிக்கு, மூட்டத்துக்கு மறுநாள், அது பொருந்தாது.

நான்காம் படி: காற்றைக் கொண்டு கரையைத் தேர்ந்தெடுங்கள்

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. தூண்டில்காரருக்கு அந்தத் திசை வேறெதையும்விட முக்கியம். சில மணி நேரம் ஒரே திசையில் அடிக்கும் காற்று மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேர்க்கிறது. அதோடு மிதக்கும் நுண்ணுயிர்த் தீனியும், விழுந்த பூச்சியும், இலைச்சருகும் அங்கே போய்ச் சேரும். அலை கரையில் மோதிக் காற்றைத் தண்ணீரில் கலக்கும். கரை மண் கலங்கி, மீனுக்கு மறைவும் கிடைக்கும். ஆகவே முகத்தில் காற்று அடிக்கும் கரையில்தான் மீன் இருக்கும். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக உட்காரும் கரையிலிருந்து அது போய்விட்டிருக்கும்.

சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்கிலும் உள்வாய் மேற்கிலும் அமைந்திருக்கும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அலை நேராகக் கரையில், கல் பதித்த சரிவில், மதகைச் சுற்றி மோதுகிறது. ஆழமும் தீனியும் மறைவும் ஒரே இடத்தில் சேரும் மாதம் அது. தண்ணீர் மட்டும் இருந்துவிட்டால் ஆடியைப் போல் கரைத் தூண்டிலுக்கு வாய்த்த காலம் வேறில்லை என்பது என் எண்ணம். ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்குக்கு மாறினால் கணக்கு தலைகீழாகும். அலை உள்வாய்ப் பக்கம் போகும், அங்கே ஆழம் இராது, சேறு மட்டும் இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மார்கழி வாடை தண்ணீரின் மேல் தோலைக் குளிர வைக்கிறது. அப்போது காற்று மோதும் கரையைவிட, வரப்போ மரவரிசையோ காற்றை மறைத்து வெயில் விழும் மூலைதான் மீனுக்கு இதம்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் மெல்லிய தக்கையை விட்டு ஈயக்குண்டு கட்டி அடியில் போட வேண்டும். அலையில் ஆடும் தக்கை ஒவ்வொரு நொடியும் பொய்க் கடியாகத் தெரிந்து கண்ணைச் சோர வைக்கும்.

ஐந்தாம் படி: மழையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் என்று மூன்றும் மூன்று வேறு மீன்பிடிப்பு. 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்பார்கள். தட்டான் தாழ்ந்தால், அது பிடிக்கும் சிறு பூச்சிகளும் நீரோடு ஒட்டிப் பறக்கின்றன என்றுதான் அர்த்தம். மீனும் அதற்காகவே மேலே வரும். கருமேகம் கவிந்து வெளிச்சம் மங்கியதும், தெளிந்த நீரில் பகல் முழுவதும் ஆழத்தில் பதுங்கியிருந்த மீன் துணிச்சல் பெறும். மழை இறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் பல நாட்களில் அந்த நாளின் முழு வேட்டையையும் தந்துவிடும். அந்நேரத்தில் ஆழத்தைக் குறைத்து, நடு நீரில் இரையை நிறுத்துங்கள்.

மென்மையாகப் பெய்யும் மழையில் தூண்டிலைச் சுருட்ட வேண்டியதில்லை. நீர்த்துளிகள் மேற்பரப்பை உடைப்பதால் கரையில் நிற்கும் உங்கள் உருவம் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது; ஆக்சிஜனும் கூடும். ஆனால் கோடையில் நீண்ட வறட்சிக்குப் பின் கொட்டும் முதல் பெருமழை வேறு சங்கதி. குளிர்ந்த மழைநீர் வெந்நீரைவிடக் கனமானது. அது அடிக்கு இறங்கும்போது ஆக்சிஜன் அற்றுக் கிடந்த அடித் தண்ணீர் மேலே புரளும். கூடவே ஊரின் சாம்பலும் சாணமும் சாக்கடையும் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்து, அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். கோடை மழைக்கு மறுநாள் ஏரிகளில் மீன் செத்து மிதப்பதற்கு யாரோ விஷம் வைத்ததுதான் காரணம் என்று ஊரில் பேச்சு எழும். பல சமயங்களில் காரணம் இந்தப் புரட்டல்தான். அத்தகைய மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் காற்றை நேராக விழுங்கும் உறுப்புள்ள விராலையும் தேளியையும் தேடலாம். கெண்டையைத் தேடிப் பயனில்லை.

பருவமழை நிலைபெற்ற பிறகு பெய்யும் மழை நல்ல மழை. வரத்து வாய்க்கால் ஏரியில் கலக்கும் வாயில் புதுத் தண்ணீருக்கு எதிரேறி மீன் கூடும். நின்ற நீரில் இனம் பெருக்காத கட்லாவும் ரோகுவும்கூட ஓட்டத்தின் வாடையைப் பிடித்து அங்கே வந்து நிற்கும். செங்கலங்கல் ஓடும் நடுவில் இரையைப் போடாதீர்கள். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியும், அந்தக் கோட்டை ஒட்டித் தெளிந்த பக்கத்தில் போடுங்கள். முழுக் கலங்கலில் கண்ணால் வேட்டையாடும் மீன் திண்டாடும். மீசையால் மோந்து தேடும் கெளுத்திக்கு அது கொண்டாட்டம். அப்போது மாவுருண்டையை விட்டு மண்புழுவுக்கோ கோழிக்குடலுக்கோ மாற வேண்டும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டையைக் கரைய விட்டு வாசனைப் பாதை போடுவதும் கலங்கலில்தான் பலன் தரும்.

ஐப்பசியில் ஒரு மாலை. பகல் முழுவதும் பெய்து ஐந்து மணிக்கு விட்டிருந்தது. கரையிலிருந்த புற்றிலிருந்து ஈசல் புகை போலக் கிளம்பி, தெருவிளக்கு இல்லாத அந்த இடத்தில், கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்த நீர்ப்பரப்பை நோக்கிப் போயிற்று. சிறகு நனைந்து விழுந்தவற்றை முதலில் சிறு மீன்கள் கொத்தின. பிறகு அவற்றின் நடுவில் கனமான உதடுகள் எழுந்தன. மாவை முள்ளிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, ஈயத்தையும் கழற்றி, மூன்று ஈசலைச் சிறு முள்ளில் குத்தி மிதக்க விட்டேன். நரம்பு தளர்ந்து நீரில் வளைந்து கிடந்தது. அந்த வளைவு மெல்ல நேராவதுதான் கடி. நாற்பது நிமிடம், ஏழு மீன். இருட்டியதும் ஈசலும் முடிந்தது, மீனும் முடிந்தது. அன்று எல்லோரையும் போல மண்புழுவை அடியில் போட்டிருந்தால் ஒன்றுகூட வந்திராது.

மழைக்காலத்தில் கரையோரப் புல்லுக்கு இடையே செந்நிறக் குஞ்சுகள் பந்து போல் திரண்டு நகர்வதைக் கண்டால், அதன் அடியில் தாய்தந்தை விரால்கள் காவல் நிற்கும். காவலில் இருக்கும் விரால் எதிரில் வரும் ரப்பர் தவளையைக் கோபத்தில் கவ்வும், பிடிப்பது மிக எளிது. பிடிக்கக் கூடாது. காவல் போன மறுகணம் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகும். அடுத்த ஆண்டு அந்த ஏரியில் நீங்கள் விராலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆறாம் படி: வெயிலில் ஆழத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள்

மீனின் உடல் தண்ணீரின் சூட்டைத்தான் தன் சூடாகக் கொள்கிறது. தண்ணீர் 10 டிகிரி கூடினால் அதன் உடல் கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனோ குறைந்துகொண்டே போகும்: 25 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவு கரையும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடக் கரையாது. தேவை இரட்டிப்பாகும் நேரத்தில் வரத்து குறைகிறது என்பதுதான் அக்னி நட்சத்திரப் பகலில் மீன் வாய் திறக்காததற்குக் காரணம்.

மே மாதத்தில் ஆழமற்ற ஏரியில் காலை ஐந்தரை முதல் எட்டு வரையும், மாலை ஐந்தரைக்கு மேலும் மட்டுமே உட்காரலாம் (பச்சைத் தண்ணீருக்கு முன்பே சொன்ன எச்சரிக்கை உண்டு). நடுப்பகலில் போக நேர்ந்தால் மரநிழல் விழும் நீர், மதகுக் கட்டடத்தின் நிழல், அல்லித் தழையின் அடி ஆகியவற்றை ஒட்டிப் போடுங்கள். அணையில் நிலைமை சற்றுச் சிக்கலானது. கோடையில் ஆழமான அணை நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே சூடு, அடியில் குளிர்ச்சி, ஆனால் அடியில் ஆக்சிஜன் இல்லை. வெயிலென்றால் ஆழத்தில் போடு என்ற பொதுவிதியை நம்பி அறுபதடிக்கு இறக்கினால், மீனில்லாத பாழ்நீரில் இரை தொங்கும். முதலில் ஐந்தடி, பிறகு பத்து, பதினைந்து என்று தக்கையை நகர்த்தி, கடி கிடைக்கும் அடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் நீரில் மேயும் கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். நடு நீருக்கு ரோகு, அடிக்கு மிர்கால் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரை குறைவாகப் போடுங்கள். சூட்டில் தின்னப்படாத மாவு அடியில் புளித்து, இருக்கும் ஆக்சிஜனையும் கெடுக்கும்.

ஏழாம் படி: குளிரில் தாமதமாகப் போங்கள்

மார்கழி, தை மாதங்களில் சமவெளியில் மீன் உறங்கிப்போவதில்லை; மந்தமாகிறது. மூடுபனியில் ஐந்து மணிக்கு நடுங்கிக்கொண்டு உட்காருவதால் பெருமை கிடைக்கலாம், மீன் கிடைக்காது. பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புங்கள். முள்ளையும் நரம்பையும் ஒரு அளவு குறைத்து, இரையைச் சுண்டைக்காய் அளவிலிருந்து மிளகளவுக்குக் கொண்டுவாருங்கள். கடி மென்மையாக இருக்கும். தக்கை முழுகாது, ஒரு விரல் உயர்ந்து நிற்கும் அல்லது பக்கவாட்டில் நகரும்.

நீலகிரியில் இதே குளிர் வேறு பொருள் தரும். அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவிட்ட ட்ரவுட் மீனுக்கு 20 டிகிரிக்குக் கீழ்தான் சுகம். கெண்டைக்கு இதமான சூடு அதற்குத் தொல்லை.

காற்றழுத்தம் பற்றி ஒரு குறிப்பு

'பாரோமீட்டர் இறங்கினால் மீன் கடிக்கும்' என்ற விதி வெளிநாட்டுத் தூண்டில் காணொளிகளிலிருந்து நம் கரைகளுக்கும் வந்துவிட்டது. கைப்பேசியில் அழுத்தம் பார்த்துக் கிளம்புகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் ஒரு கணக்கைச் சொல்வேன். ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். நம் பகுதியில் காலை 10 மணிக்கு உயர்ந்து மாலை 4 மணிக்குத் தாழும் அன்றாட ஏற்ற இறக்கமே சில ஹெக்டோபாஸ்கல்தான். பெரும்புயல் வந்து 30 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலும், மீன் ஒரு அடி மேலே நீந்தினால் உணரும் மாற்றம்தான் அது. நாள் முழுவதும் பத்தடி ஏறி இறங்கும் மீனுக்கு இது பெரிதாகத் தோன்றும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. அழுத்தம் இறங்கும்போது கூடவே மேகமும் காற்றும் வருகின்றன. கடியைக் கொண்டுவருபவை அவையே என்பது என் துணிபு.

எட்டாம் படி: எப்போது சுருட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இந்த ஒன்றில் மட்டும் மீனைப் பற்றி யோசிக்கக் கூடாது. இன்றைய தூண்டில் கழிகள் பல கார்பன் இழையால் ஆனவை. அது மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கரையில், நனைந்த உடலோடு, ஏழடிக் கழியை உயர்த்தி நிற்பவரே அந்தப் பரப்பில் உயர்ந்த பொருள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கழியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடிக்கு அல்ல, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே திரும்பலாம். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி என்ற அரசுச் செயலி இருக்கிறது. வானிலை மையம் சொல்லும் 'கனமழை' 64.5 மி.மீ.க்கு மேற்பட்டது, 'மிக கனமழை' 115.6 மி.மீ.யில் தொடங்குகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள நாளில் கரை மண் சரியும், ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலிங்கில் நீர் வழியும். அங்கே துள்ளும் மீனுக்காக இறங்கிக் கால் வழுக்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அணைக்குக் கீழே ஆற்றில் உட்காருபவர் வானத்தை அறவே நம்பக் கூடாது. மேட்டூர் நிரம்பினால் உபரி நீர் 16 கண் மதகு வழியாக வெளியேறும். அந்த நாளில் தலைக்கு மேலே சுட்டெரிக்கும் வெயில் இருக்கலாம். ஆற்று நடுப் பாறையில் ஏறித் தூண்டில் போடும் பழக்கத்தை ஜூன் முதல் செப்டம்பர் வரை விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள்

மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் ஏரிக்கு அப்படியே பொருந்தாது. அதன் ஆழம் வேறு, கரையின் திசை வேறு, விட்ட குஞ்சு வேறு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, முந்தைய மூன்று நாள் மழை, காற்றின் திசை, கை மறைந்த ஆழம், ஒரு மீட்டரில் வெப்பம், உட்கார்ந்த இடம், கடித்த நேரம், மீன், இரை என்று ஒன்பது கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மீன் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 'கார்த்திகை 4, இரண்டு நாள் தூறல், வாடை, கை மணிக்கட்டோடு மறைந்தது, 25 டிகிரி, வரத்து வாய், பகல் 12 முதல் 1 வரை கெளுத்தி ஒன்பது, புழு. மதகடியில் உட்கார்ந்த நண்பருக்கு ஒன்றுமில்லை.' அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளிலும், கார்த்திகைத் தூறலில் நாங்கள் இருவரும் வரத்து வாயில்தான் உட்கார்ந்தோம்.